தகப்பனை விட்டு மகனைப் பிடித்த ஊர்

2022 செப்டம்பர் 3 அன்று அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக அணி அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்தை 7–3 என்று வென்றது. எதிரில் நின்றது ஒரு படி கீழான பிரிவில் ஆடும் சௌத் டகோட்டா ஸ்டேட். ஆட்டம், கால்பந்து என்று பெயர் வைத்துக்கொண்டு அமெரிக்கர்கள் பெரும்பாலும் கையால் ஆடும் அந்த ஆட்டம்தான். பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்தால் டச்டவுன், 6 புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னொரு புள்ளி. ஆகவே 7 என்ற எண்ணை மட்டும் பார்த்தவர்கள் ஒரு டச்டவுன் விழுந்தது என்றே நினைத்திருப்பார்கள். விழவில்லை. டச்டவுன் இல்லாமலே கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஃபீல்ட் கோல் ஒன்றில் 3 புள்ளி வந்தது. மீதி 4 புள்ளியும் தற்காப்பு வீரர்களின் சம்பாத்தியம்: பந்து வைத்திருப்பவரை அவருடைய சொந்தக் கோட்டுக்குள்ளேயே மடக்கினால் கிடைக்கும் ‘சேஃப்டி’, தலா 2 புள்ளி, இரண்டு முறை.

ஜெயித்த பிறகும் அயோவா சிட்டியில் பேச்செல்லாம் ஒரே ஒருவரைப் பற்றித்தான். பிரையன் ஃபெரன்ட்ஸ், அணியின் தாக்குதல் பிரிவுக் கோஆர்டினேட்டர். பந்து தன் அணியிடம் இருக்கும்போது அடுத்து என்ன செய்ய வேண்டும், ஓடுவதா, வீசுவதா, யார் எந்தப் பக்கம் போவது என்று ஒவ்வொரு நகர்வையும் சொல்லும் உதவிப் பயிற்சியாளர். தலைமைப் பயிற்சியாளர் கிர்க் ஃபெரன்ட்ஸ். பிரையன் அவருடைய மூத்த மகன்.

அயோவா மாநிலத்தில் மக்கள் சுமார் 32 லட்சம் பேர். பெரிய தொழில்முறை அணி ஒன்றுகூட இல்லை. அந்த வெற்றிடம் முழுவதையும் கல்லூரி அணிதான் நிரப்புகிறது. கின்னிக் ஸ்டேடியத்தில் 69,000 பேர் உட்காரலாம். 1939ல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹெய்ஸ்மன் விருது வாங்கி, 1943ல் போர் விமானப் பயிற்சியில் உயிரிழந்த நைல் கின்னிக்கின் பெயர் அதற்கு. முதல் கால் பகுதி முடிந்ததும் கூட்டம் முழுவதும் எழுந்து, பக்கத்திலிருக்கும் குழந்தைகள் மருத்துவமனையின் ஜன்னல்களை நோக்கிக் கையசைக்கும். இப்படிப்பட்ட ஊரில் உதவிப் பயிற்சியாளர் யார் என்பது பல்கலைக்கழகத்தின் உள்விவகாரமாக எப்படி இருக்க முடியும்?

அதுவும் இவர் மகன். உறவினரை உறவினரே மேற்பார்வையிடக் கூடாது என்பது பல்கலைக்கழக விதி. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பிரையன் தன் தந்தைக்குக் கீழே வேலை செய்வார். ஆனால், காகிதத்தில் விளையாட்டுத் துறை இயக்குநர் கேரி பார்ட்டாவுக்குத்தான் பதில் சொல்வார். பயிற்சி மைதானத்தில் தினமும் பக்கத்தில் நிற்பவர் மேலதிகாரி இல்லை, எங்கோ அலுவலகத்தில் இருப்பவர் மேலதிகாரி. இந்த ஏற்பாட்டை அயோவாவில் யாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

பிரையன் ஒன்றும் வெறும் வாரிசாக வந்தவர் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அயோவாவுக்கே ஆடியவர், பிறகு நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் என்ற தொழில்முறை அணியில் வேலை கற்றவர். 2012ல் ஊர் திரும்பி, 2017ல் கோஆர்டினேட்டர் ஆனார். அந்த முதல் பருவத்திலேயே ஒஹாயோ ஸ்டேட்டை 55–24 என்று அடித்து நொறுக்கியது அவருடைய தாக்குதல் பிரிவு. 2020ல் சராசரி 30 புள்ளியைத் தாண்டியது. அதே ஆள், அதே ஏடு. 2022ல் சராசரி 18ஐக்கூடத் தொடவில்லை. எடுத்த கெஜக்கணக்கில் நாட்டின் 131 அணிகளில் 130ஆவது இடம். 2020க்கும் 2022க்கும் நடுவே பிரையன் ஆட்டத்தை மறந்துவிட்டாரா, அல்லது முன்வரிசையும் பந்தை வீசும் குவாட்டர்பேக்கும் பலவீனமானார்களா? ரசிகர்களின் விவாதத்தில் இந்தக் கேள்விக்கு அதிகம் இடம் கிடைக்கவில்லை.

2023 பிப்ரவரியில் பல்கலைக்கழகம் செய்ததுதான் இந்தக் கதையின் விசித்திரம். பிரையனின் சம்பளத்தை 9,00,000 டாலரிலிருந்து 8,50,000 டாலராகக் குறைத்து, ஒப்பந்தத்தில் இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தது: குறைந்தது 7 வெற்றி, ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி. தற்காப்புப் பிரிவு எடுத்துத் தரும் புள்ளிகளும் இந்தக் கணக்கில் சேரும். அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் ஒப்பந்தம் பொது ஆவணம். மறுநாளே ஊர் முழுவதும் அதைப் படித்தது. 13 ஆட்டத்துக்கு 325 புள்ளி. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஸ்கோர் போர்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கணக்கு ஓடத் தொடங்கியது. அணி ஜெயித்ததா என்பது ஒன்று, 25 வந்ததா என்பது வேறொன்று. முன்னிலையில் இருக்கும் அணி கடைசி நிமிடங்களில் கடிகாரத்தை ஓட்டிவிடுவது இந்த ஆட்டத்தில் வழக்கம். அப்போதும்கூட, மகனுக்காக இன்னொரு டச்டவுன் போடுவார்களா என்று பார்க்கும் நிலை வந்தது. ஒரு ஊழியரைத் திருத்த இதைவிட மோசமான வழியை யோசிப்பது கடினம். பொறுப்பைத் தட்டிக்கழிக்க இதைவிடச் சுலபமான வழியும் இல்லை.

25 வரவில்லை. பக்கத்தில்கூட வரவில்லை. செப்டம்பரில் பென் ஸ்டேட் 31–0 என்று துடைத்தெடுத்தது. மாத இறுதியில் குவாட்டர்பேக் கேட் மெக்னமாரா காயத்தில் விழுந்தார். அக்டோபர் 21 அன்று மினசோட்டாவிடம் 12–10 என்று தோல்வி. கடைசி நிமிடங்களில் அயோவாவின் கூப்பர் டிஜீன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி முடித்த டச்டவுனை, அதற்கு முன் அவர் காட்டிய கையசைவு விதிமீறல் என்று நடுவர்கள் ரத்து செய்தார்கள். அந்தத் தீர்ப்பைப் பற்றி அயோவாக்காரர்கள் இன்றும் சண்டை போடுவார்கள். ஆனால், அந்த நாளில் அவர்களுடைய தாக்குதல் பிரிவு ஆட்டம் முழுவதும் சேர்த்து 130 கெஜத்தைக்கூட எட்டவில்லை. நல்ல அணி அதைக் கால் மணி நேரத்தில் எடுத்துவிடும்.

அக்டோபர் 30 அன்று, பார்ட்டா ஓய்வு பெற்றபின் தற்காலிகப் பொறுப்பில் இருந்த இயக்குநர் பெத் கெட்ஸ் அறிவித்தார்: பருவம் முடிந்ததும் பிரையன் தொடர மாட்டார். இன்னும் நான்கு ஆட்டங்கள் பாக்கி. தந்தை விரும்பாத முடிவு அது. மகன் வேலை போனது தெரிந்தபின்னும் அதே தலைக்கருவியை மாட்டிக்கொண்டு அதே வேலையைச் செய்தார்; அணி அந்த நான்கையும் வென்று, பிரிவில் முதலிடம் பிடித்தது. பிறகு அயோவா ஆடும் பிக் டென் கூட்டமைப்பின் இறுதியில் மிஷிகனிடம் 26–0 என்று தோல்வி, புத்தாண்டு அன்று டென்னசியிடம் 35–0.

மொத்தத்தில் 14 ஆட்டம், 216 புள்ளி, சராசரி 15.4. வெற்றி மட்டும் 10.

அது எப்படி? தற்காப்புப் பிரிவின் கோஆர்டினேட்டர் ஃபில் பார்க்கர் அந்த ஆண்டு நாட்டின் சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கான பிராய்ல்ஸ் விருதை வாங்கினார். அர்கன்ஸா பயிற்சியாளர் ஃபிராங்க் பிராய்ல்ஸின் பெயரில் 1996 முதல் தரப்படும் விருது. அதாவது ஒரே அலுவலகத்தில், ஒரே பருவத்தில், ஒரு உதவியாளர் நாட்டிலேயே சிறந்தவர். இன்னொருவர் வேலை இழந்தவர். அதைவிட வேடிக்கை பன்டர் டோரி டெய்லர். தாக்குதல் தோற்றுப்போய்ப் பந்தை எதிரணிக்குத் தூர உதைத்து ஒப்படைப்பவர்தான் பன்டர். மெல்பர்னிலிருந்து வந்த இந்த ஆஸ்திரேலியர் 2023ல் மொத்தம் 4,479 கெஜம் உதைத்தார். 1938 முதல் யாரும் தொடாமல் இருந்த கல்லூரிச் சாதனை உடைந்தது. பன்ட் அடிப்பதே வெற்றி என்று அச்சடித்த டி-ஷர்ட் அயோவாவில் விற்றுத் தீர்ந்தது. தோல்வியின் அடையாளமான உதைக்கு ஊரே கைதட்டியது.

காலியான நாற்காலிக்கு யார்? நவம்பர் தொடங்கி மூன்று மாதம் இந்தக் கேள்வி ஓடியது. வேலைக்கு ஆள் தேடுவதை இவ்வளவு பேர் வேடிக்கை பார்க்கும் தேசம் வேறு இருக்குமா என்பது சந்தேகம். சம்பளம் பொது ஆவணம் என்பதால் யார் எவ்வளவு வாங்குகிறார், விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது ரசிகர்களுக்கு மனப்பாடம். சிறிய ஜெட் விமானம் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் பறக்கிறது என்று பார்த்து, அதில் யார் இருக்கிறார் என்று ஊகிப்பவர்களும் உண்டு. டிசம்பரில் பள்ளி மாணவர்கள் கையெழுத்துப் போடும் நாட்கள் வருகின்றன. அப்போது அதே மாதம் அணி மாற விரும்பும் வீரர்களுக்கான பட்டியலும் திறந்தது. கோஆர்டினேட்டர் யார் என்று தெரியாமல் எந்த குவாட்டர்பேக் வருவார் என்று ரசிகர்கள் துடிப்பது நியாயம்தான்.

அதிகம் அடிபட்ட பெயர்களில் ஒன்று பால் கிறிஸ்ட். விஸ்கான்சினில் தலைமைப் பயிற்சியாளராக 67 வெற்றி கண்டு, 2022 அக்டோபரில் நீக்கப்பட்டு, 2023ல் டெக்ஸஸ் அணியில் உதவியாக இருந்தவர். அவரை வேண்டியவர்கள் சொன்னது: பக்கத்து மாநிலத்துக்காரர், முன்வரிசையை வைத்து ஆட்டத்தை நகர்த்துபவர், கிர்க்குக்கு ஒத்துவரும். வேண்டாம் என்றவர்கள் சொன்னதும் அதையேதான்: கிர்க்குக்கு ஒத்துவரும் ஆளை வைத்து என்ன மாறப் போகிறது? இன்னொரு கூட்டத்துக்கு, பந்தை அகலமாகப் பரப்பி, நிமிடத்துக்கு நிமிடம் வீசும் இளைஞர் யாராவது வேண்டும். அவர்களை மடக்கும் கேள்வியும் தயாராக இருந்தது. அப்படிப்பட்டவர் எதற்கு இங்கே வருவார்? 1999 முதல் ஒரே விதமாக ஆட வைக்கும் முதலாளி; போதாக்குறைக்கு, காலி செய்துவிட்டுப் போனவர் அந்த முதலாளியின் மகன்.

இங்கேதான் விவாதத்தின் உண்மையான பொருள் வெளியே தெரிகிறது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம்மவர்கள் கேட்பார்கள். அயோவாவில் எய்தவரை நோக முடியாது. கிர்க்கின் ஒப்பந்தம் 2029 வரை. ஆண்டுக்கு 70 லட்சம் டாலர். நீக்கினால் கட்ட வேண்டிய தொகையை நினைத்தே நிர்வாகம் வாயை மூடிக்கொள்ளும். நன்றியும் இருக்கிறது. மறைந்த ஹெய்டன் ஃப்ரைக்குப் பிறகு அணியைத் தூக்கி நிறுத்தியவர். கால் நூற்றாண்டு இருந்தவர். அவரை எதிர்த்துக் கோஷம் போட அயோவாக்காரருக்கு நாக்கு எழாது. மகனை எதிர்த்துப் போடலாம். போட்டார்கள், பெயர் சொல்லி, சொந்த மைதானத்தில். ஆட்டம் மெதுவாக, பத்திரமாக, தற்காப்பை நம்பி நடக்க வேண்டும் என்பது தந்தையின் கொள்கை என்பது கோஷம் போட்ட ஒவ்வொருவருக்கும் தெரியும்.

மற்ற ஊர்களில் இந்தச் சங்கடம் இல்லை என்று சொல்ல முடியாது. அங்கே வேறு வடிவில் வருகிறது. லூசியானாவின் எல்.எஸ்.யூ. அணி 2019 ஜனவரியில் ஜோ பிரேடியை அழைத்து வந்தபோது அவருக்கு வயது 29. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸில் இரண்டு ஆண்டு உதவியாளர். ரசிகர்கள் பட்டியல் போட்டிருந்தால் அதில் அவர் பெயர் இருந்திருக்காது. அந்தப் பருவம் 15 ஆட்டம், 15 வெற்றி. முந்தைய ஆண்டு 16 டச்டவுன் வீசிய ஜோ பரோ, 60 வீசினார். அப்போது அது தேசிய சாதனை. பிரேடிக்கு பிராய்ல்ஸ் விருது, அடுத்த மாதமே தொழில்முறை அணியில் வேலை. அதிகாரபூர்வக் கோஆர்டினேட்டர் ஸ்டீவ் என்ஸ்மிங்கர் என்பதை ரசிகர்கள் பாதிப் பேர் நினைவில் வைத்திருக்கவில்லை.

அதே எல்.எஸ்.யூ. அடுத்த ஆண்டு தற்காப்புக்கு ரசிகர்கள் நன்கு அறிந்த ஒருவரை அழைத்தது. போ பெலினி, 2007 பருவத்தின் தேசியப் பட்டத்தில் தற்காப்பை நடத்தியவர். ஆண்டுக்கு 23 லட்சம் டாலர். முதல் ஆட்டத்திலேயே மிசிசிப்பி ஸ்டேட் குவாட்டர்பேக் ஒருவர் 623 கெஜம் வீசி எஸ்.இ.சி. கூட்டமைப்பின் சாதனையை உடைத்தார். பருவம் 5–5 என்று முடிந்தது. பெலினியை அனுப்பிவைக்க 40 லட்சம் டாலர் ஆனது. பட்டம் வென்ற அணியிலிருந்து 14 பேரைத் தொழில்முறை அணிகள் அந்த ஏப்ரலில் எடுத்துப் போயிருந்தன என்பதும் கணக்கில் வர வேண்டும். வராது. பிரேடி மேதை, பெலினி பழசு என்று ஊர் எழுதி முடித்துவிட்டது.

விருது வாங்கியவரை எடுத்தால் பிழைத்துக்கொள்ளலாமா? 2021ல் மிஷிகனில் பிராய்ல்ஸ் வாங்கிய ஜாஷ் கேட்டிஸை மயாமி தூக்கி வந்தது. அணி 5–7. ஓராண்டில் நீக்கம்.

இன்னும் சமீபத்தில் ஒஹாயோ ஸ்டேட். 2025 ஜனவரியில் தேசியப் பட்டம் வென்ற சில நாட்களிலேயே தற்காப்புக் கோஆர்டினேட்டர் ஜிம் நோல்ஸ் போட்டி அணியான பென் ஸ்டேட்டுக்குத் தாவினார். ஆண்டுக்குச் சுமார் 31 லட்சம் டாலர், உதவிப் பயிற்சியாளர்களில் அப்போது உச்சம். பென் ஸ்டேட் ரசிகர்களுக்குத் திருவிழா. ஒஹாயோவில் அவர் இடத்துக்கு வந்தவர் மேட் பட்ரிஷியா, டெட்ராய்ட் லயன்ஸில் தலைமைப் பொறுப்பில் 13 வெற்றி, 29 தோல்வி கண்டு துரத்தப்பட்டவர். கேலிக்குக் குறைவில்லை. அந்த இலையுதிர்காலத்தில் ஒஹாயோவின் தற்காப்பு நாட்டிலேயே மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்தது. பென் ஸ்டேட் அக்டோபர் நடுவிலேயே தலைமைப் பயிற்சியாளர் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கியது.

இதற்காக ரசிகர்களை முட்டாள்கள் என்று சொல்வதும் சரியல்ல. அவர்களுக்குக் கிடைப்பது முந்தைய ஊரின் எண்கள் மட்டும்தான். அந்த எண்களில் எவ்வளவு பயிற்சியாளருடையது, எவ்வளவு வீரர்களுடையது, எவ்வளவு தலைவருடையது என்று பிரித்துப் பார்க்கும் தராசு வேலைக்கு எடுக்கும் இயக்குநர்களிடமே இல்லை. ஆனால், ரசிகர் குரலுக்குப் பலம் உண்டு என்பதை 2017 நவம்பர் 26 காட்டியது. ஒஹாயோ ஸ்டேட்டின் உதவிப் பயிற்சியாளர் கிரெக் ஷியானோவைத் தலைமைப் பதவிக்கு எடுக்க டென்னசி பல்கலைக்கழகம் பேசி முடித்திருந்தது. செய்தி கசிந்த சில மணி நேரத்தில் ரசிகர்கள் திரண்டார்கள், மாநில அரசியல்வாதிகள் சேர்ந்துகொண்டார்கள், அன்று இரவுக்குள் பேச்சு முறிந்தது. எடுக்கப் போன இயக்குநரின் வேலையும் அந்த வாரமே போனது. கடைசியில் வந்தவர் அலபாமாவின் தற்காப்புக் கோஆர்டினேட்டர் ஜெரமி புரூட். 2021 ஜனவரியில் ஆள்சேர்ப்பு விதிமீறல்களுக்காக அவரும் நீக்கப்பட்டார்.

அயோவாவுக்கு வந்தவர் டிம் லெஸ்டர். 2024 ஜனவரி இறுதியில் பெயர் வெளியானபோது பல ரசிகர்களுக்கு ஏமாற்றம். வெஸ்டர்ன் மிஷிகனில் தலைமைப் பயிற்சியாளராக 37–32 என்ற சுமாரான கணக்கு. அங்கிருந்து 2022 இறுதியில் நீக்கம். நடுவில் ஓராண்டு கிரீன் பே பேக்கர்ஸில் ஆய்வாளர். 2023ல் அயோவா 40 புள்ளியைத் தாண்டிய ஒரே ஆட்டம் அவர் விட்டுவந்த அந்த வெஸ்டர்ன் மிஷிகனுக்கு எதிராகத்தான் என்பதைச் சிலர் குத்திக்காட்டவும் செய்தார்கள்.

லெஸ்டர் செய்தது, பார்த்தவரையில், புரட்சி அல்ல. கிர்க்குக்குப் பிடித்த பக்கவாட்டு ஓட்ட ஆட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பந்து கைமாறுவதற்கு முன்பே வீரர்களை இடம்மாற்றி நகர்த்தி எதிரணியைக் குழப்பினார். ஓடுவதற்கு கேலப் ஜான்சன் என்ற வலுவான ஆள் இருந்தார்: 1,537 கெஜம், ஓட்டத்தில் 21 டச்டவுன், பல்கலைக்கழகச் சாதனை. 2024ல் அயோவா 13 ஆட்டத்தில் 360 புள்ளி எடுத்தது. சராசரி 27.7. முந்தைய ஆண்டு ஒப்பந்தத்தில் மகனிடம் கேட்ட எண்ணை, மகன் போனபின் அதே தந்தையின் அணி தாண்டியது. வெற்றிகள் மட்டும் 10லிருந்து 8ஆகக் குறைந்தன.

யார் சொன்னது சரி? மகன்தான் பிரச்சினை என்றவர்கள் 27.7ஐக் காட்டுகிறார்கள். அமைப்புதான் பிரச்சினை என்றவர்கள், பந்தை வீசி எடுக்கும் கெஜத்தில் அணி இன்னும் நாட்டின் அடிமட்டத்தில் இருந்ததைக் காட்டுகிறார்கள். ஜான்சன் இல்லாமல் லெஸ்டர் என்ன செய்திருப்பார் என்று மூன்றாமவர் கேட்கிறார். கட்டுரையாளரைக் கேட்டால், பிரையனை நீக்கியதில் தவறில்லை. ஆனால், அவரை அந்த இடத்தில் உட்கார வைத்து, பின் அதே தந்தையின் ஆட்ட முறைக்குள் 25 புள்ளி எடு என்று கேட்டவர்களின் கணக்கை யாரும் பார்க்கவில்லை.

பிரையன் மேரிலாண்டில் வேலைக்குச் சேர்ந்தார். 2024 நவம்பர் 23 அன்று அயோவா அங்கே ஆடப் போனது. தந்தை ஒரு பக்கம், மகன் மறுபக்கம். அயோவா 29–13 என்று வென்றது, 25ஐத் தாண்டித்தான்.

2025 செப்டம்பரில் மாசசூசெட்ஸை வென்றபோது கிர்க் ஃபெரன்ட்ஸுக்கு அது அயோவாவில் 206ஆவது வெற்றி. ஒஹாயோ ஸ்டேட்டின் வுடி ஹேஸை முந்தி, பிக் டென் வரலாற்றில் அதிக வெற்றி கண்ட பயிற்சியாளர் ஆனார். வீசும் ஆட்டத்தைச் சரிசெய்ய அந்த ஆண்டு வெளியிலிருந்து ஒரு குவாட்டர்பேக்கை வரவழைத்திருந்தார்கள். ரசிகர்களின் விவாதம் இப்போது லெஸ்டரைச் சுற்றி: ஓட்டம் சரி, வீச்சு எங்கே, வேறு ஆள் பார்க்க வேண்டாமா?